பாக்கெட்டா, டப்பாவா, இளநீரா, டிரிப்ஸா?

சனிக்கிழமை ராத்திரி. ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. ஒருவர் பைக்கை அணைக்காமலேயே குனிந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, பேதி நிக்க ஒரு மாத்திரை குடுங்க. அப்படியே அந்த ஆரஞ்சு டப்பா ரெண்டு."

யாருக்கு என்று கேட்டேன்.

"பாப்பாவுக்குத்தான். ரெண்டு வயசு. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை போயிருச்சு. விடிஞ்சதும் கூட்டிட்டுப் போய் ஒரு குளுக்கோஸ் ஏத்திரலாம்னு இருக்கோம்."

16 வருடமாக மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். மாத்திரை, டப்பா, டிரிப்ஸ் என்று இந்த மூன்றையும் இதே வரிசையில் யாராவது கேட்காத வாரம் கிடையாது. அவர் கேட்காதது ஒன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஓ.ஆர்.எஸ் பவுடர் பாக்கெட், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. விலை 20 ரூபாய் சொச்சம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கேட்டால் காசு வாங்காமலே தருவார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு 'ஜீவனி' என்றால் தெரியும். சும்மா கிடைப்பதாலோ என்னவோ, நம் ஊரில் அதை யாரும் மருந்தாக மதிப்பதில்லை.

மதிக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ் பேதியை நிறுத்தாது. ஒரு லிட்டர் குடித்த பிறகும் குழந்தை போய்க்கொண்டுதான் இருக்கும். "குடுத்தோம், கேக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். வெளியே போனதை உள்ளே திரும்ப வைப்பதுதான் அதன் வேலை. பேதி பெரும்பாலும் சில நாளில் தானாக நிற்கும். அதுவரை உயிரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற வழிகளை ஒப்பிடுவது சுலபம்.

எது போனதோ அதைக் கொடு

பேதியில் தண்ணீர் மட்டும் போவதில்லை. சோடியம் போகிறது, பொட்டாசியம் போகிறது, கூடவே பைகார்பனேட்டும் போகிறது. பைகார்பனேட் என்பது இரத்தத்தில் இருக்கும் காரச்சத்து. அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். சாதாரணமாக லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல் இருக்கும் (கரைந்திருக்கும் பொருளை எண்ணும் அலகு இது). பேதி முற்ற முற்ற அது குறையும், இரத்தம் அமிலப் பக்கம் சாயும். இரத்தத்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்தக் குறுகிய வரப்பை விட்டு இறங்கினால் உடம்பு தாங்காது. அமிலத்தைக் கரியமில வாயுவாக்கி ஊதித் தள்ளப் பார்க்கும். பேதியில் வாடிய குழந்தை காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினால் அதற்கு அர்த்தம் இதுதான். அந்தக் கட்டத்தில் என் கடைக்கு வரக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வாந்தி இதற்கு நேர் எதிர். வயிற்றில் ஊறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியே கொட்டிவிடுவதால் இரத்தம் காரப் பக்கம் சாயும், குளோரைடு குறையும். பொட்டாசியமோ சிறுநீர் வழியாகத் தனியாக நழுவும். வியர்வை இன்னொரு கணக்கு. அதில் உப்பும் தண்ணீரும்தான் முக்கியம், அமில-காரத் தொந்தரவு அதிகம் கிடையாது. ஆக பேதி, வாந்தி, வியர்வை மூன்றுக்கும் "உடம்புல நீர்ச்சத்து கொறஞ்சிருச்சு" என்று ஒரே பெயர் வைத்தாலும் குறைந்த பொருள் வேறு வேறு.

மாத்திரையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். லோபரமைடு குடலின் அசைவைக் கட்டிப்போடும், இழந்த உப்பில் ஒரு கல்லைக்கூடத் திருப்பித் தராது. சின்னக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

20.5 கிராம் பவுடர்

பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் நான்கே பொருள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2002-இல் அறிவித்த கலவை இது. அதற்கு முந்தைய கலவையில் சோடியம் 90, குளுக்கோஸ் 111 என்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

சர்க்கரை தெம்புக்காகச் சேர்த்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதற்காக இல்லை. குடல் சுவரில் ஒரு கதவு உண்டு, அதில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவார்கள். அவை உள்ளே போக, பின்னாலேயே தண்ணீர் இழுபட்டுப் போகும். காலரா மாதிரி கொடிய பேதியில்கூட இந்தக் கதவு பழுதாகாமல் வேலை செய்கிறது. வெறும் உப்புத் தண்ணீரையோ வெறும் சர்க்கரைத் தண்ணீரையோ குடித்தால் அந்த அளவுக்கு ஏறாது. இரண்டும் அந்த விகிதத்தில் இருக்க வேண்டும்.

சிட்ரேட் எதற்கு? ஈரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். பேதியில் போன காரச்சத்தை நிரப்புவது இதுதான். முன்னெல்லாம் பைகார்பனேட்டையே, அதாவது சோடா உப்பையே, நேராகப் போட்டார்கள். நம்மைப் போன்ற வெக்கையும் ஈரமுமான ஊர்களில் அந்தப் பவுடர் சீக்கிரம் நிறம் மாறிக் கெட்டது. அதனால் 1980-களில் சிட்ரேட்டுக்கு மாறினார்கள்.

இனி, நான் அடிக்கடி பார்க்கும் தப்பைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். 200 மில்லியில் கரைத்தால் சோடியம் 375-க்கு ஏறிவிடும். கடல்நீரில் 470 போல இருக்கிறது. குழந்தைக்குக் கடல்நீரில் முக்கால் பங்கு உப்பைக் கொடுத்த கதைதான். பேதி கூடும், இரத்தத்தில் சோடியம் எகிறும், வலிப்பு வரைக்கும் போகலாம். "திக்கா குடுத்தா சீக்கிரம் கேக்கும்ல?" என்று ஒரு அக்கா கேட்டார். சாம்பாரில் உப்பை ஐந்து மடங்கு போட்டால் சீக்கிரம் பசி தீருமா என்று திருப்பிக் கேட்டேன், சிரித்துவிட்டார். வீட்டில் அளவுச் சொம்பு இல்லாவிட்டால் கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாங்கி, அதிலேயே முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்குங்கள். பாதிப் பாக்கெட், கால் பாக்கெட் என்று கண்ணளவு பார்க்க வேண்டாம். 200 மில்லிக்கென்றே சின்னப் பாக்கெட்டும் வருகிறது, அதை ஒரு டம்ளரில் கலக்கலாம். கரைத்ததைக் காய்ச்சக் கூடாது, பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது. 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

டப்பா

பைக்காரர் கேட்ட ஆரஞ்சு டப்பா பார்க்க லட்சணமாக இருக்கும், பழ வாசனை அடிக்கும், பிள்ளைகள் மறுக்காமல் குடிக்கும். கடைக்காரனுக்கு லாபமும் பாக்கெட்டைவிட அதிகம், அதை மறைப்பானேன்! கண் மட்டத்து அலமாரியில் டப்பா நிற்பதும், பாக்கெட் அட்டைப்பெட்டியில் கிடப்பதும் அதனால்தான்.

இந்த மாதிரி பானங்கள் சிலவற்றில் 100 மில்லிக்கு 8 கிராமுக்கு மேல் சர்க்கரை. பாக்கெட் கலவையில் 1.35 கிராம்தான். ஆறு மடங்கு சர்க்கரை குடலுக்குள் போய் உட்கார்ந்தால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். அப்படியும் பல வருடம் இவை பெயரிலேயே ஓ.ஆர்.எஸ் என்ற எழுத்துகளோடு விற்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், சரியான கலவையில் இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவிட்டது.

டப்பாவில் வருவதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். சரியான கலவையில், ஏற்கெனவே கரைத்த ஓ.ஆர்.எஸ்ஸும் டப்பாவில் வருகிறது. பயணத்தில், நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் பாக்கெட்டைவிட அதுதான் வசதி. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்கிறதா, 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று இரண்டை மட்டும் பார்த்தால் போதும். விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில் சோடியம் 20 மில்லிமோல் அளவுக்குத்தான் இருக்கும், சர்க்கரை 6 சதவீதம் போல. இரண்டு மணி நேரம் வெயிலில் பந்தடித்தவனுக்குச் சரி, பேதிக்கு உதவாது. கோலா, சோடா வகையறாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இளநீர், மோர், கஞ்சி

இளநீரைக் குறை சொன்னால் நம் ஊரில் அடிக்க வருவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. இரத்தத்தில் இருப்பதற்கும் பேதியில் போவதற்கும் இது தலைகீழ். காய்க்குக் காய் அளவும் மாறும். அதனால் பேதியில் இளநீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் ஏறும், சோடியம் ஏறாது. பாக்கெட் கரைசலுக்கு நடுவே ஒரு இளநீர் குடிக்கலாம், பொட்டாசியத்துக்கு நல்லது. அதுவே முழு மருந்து என்று வைத்துக்கொண்டால்தான் பிரச்சினை.

பாக்கெட் கிடைக்காத நடுராத்திரியில் வீட்டுக் கரைசல் போடலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்குக் கொடுக்கும் முன் ஒரு வாய் நீங்கள் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிடுங்கள். இதில் பொட்டாசியமும் இல்லை, சிட்ரேட்டும் இல்லை. கடை திறக்கும் வரை ஓட்டலாம். 1980-களில் பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் போய், மூன்று விரல் நுனியில் எடுக்கும் உப்பு, ஒரு கை வெல்லம் என்று கையளவிலேயே தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

உப்புப் போட்ட கஞ்சியை நான் இளநீருக்கு மேலே வைப்பேன். அரிசி மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், கதவு நெரிபடாது. காலராவில் அரிசி சேர்த்த கரைசல் பேதியின் அளவையே குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. பாட்டிமார் சொன்னதில் கஞ்சி ஜெயித்துவிட்டது, இளநீர் பாதி. உப்புப் போட்ட நீர்மோர் வெயிலில் வேலை செய்து வியர்த்தவர்களுக்கு நல்ல தேர்வு. சித்திரை வெயிலில் கட்டட வேலைக்குப் போகிறவர் என்னிடம் கேட்டால், பகல் முழுக்க வெறும் தண்ணீர் குடிப்பதற்கு நடுவே மூன்று நான்கு டம்ளர் மோர் என்றுதான் சொல்வேன்.

டிரிப்ஸ் எப்போது

வாயால் கொடுப்பதையும் நரம்பில் ஏற்றுவதையும் ஒப்பிட்ட பெரிய சம்பவம் 1971-இல் நடந்தது. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் குவிந்தார்கள். பாங்காவ் முகாமில் காலரா. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவரிடம் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்துவிட்டார். முகாம்களில் 30 சதவீதம் வரை இருந்த சாவு, அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022-இல் காலமானார், மறு வருடம்தான் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

குழந்தை வாயால் குடிக்க முடிகிறது என்றால் டிரிப்ஸ் கூடுதலாக ஒன்றும் சாதித்துவிடாது. ஊசி குத்தும் வலி, கை வீக்கம், நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துவது, செலவு எல்லாம் உபரி. வாந்தி எடுத்தாலும் வழி உண்டு. பத்து நிமிடம் சும்மா விட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பெற்றவர்களுக்கு இதில்தான் பொறுமை போகிறது. தாகத்தில் குழந்தை கேட்கிறதே என்று டம்ளரோடு நீட்டுவார்கள், மொத்தமும் வெளியே வரும், "வாயில எதுவும் நிக்கல" என்று டிரிப்ஸுக்குக் கிளம்புவார்கள்.

ஆனால் குழந்தை துவண்டு கிடக்கிறது, குடிக்கும் தெம்பில்லை, கண் குழிவிழுந்துவிட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மிக மெதுவாகத்தான் படிகிறது, பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் டிரிப்ஸ்தான். ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது. அந்த நிலையில் ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 30 மில்லி வீதம் அரை மணி நேரத்திலும், 70 மில்லி வீதம் அடுத்த இரண்டரை மணி நேரத்திலும் ஏற்றுவார்கள். வாய் வழியாக இந்த வேகம் சாத்தியமில்லை.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது

நம் ஊரில் எல்லாப் பாட்டிலுக்கும் பெயர் குளுக்கோஸ்தான். தொங்கும் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

உண்மையிலேயே குளுக்கோஸ் இருப்பது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரி. ஏறக்குறைய இரண்டு இட்லி. உடம்பு சர்க்கரையை எரித்த பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். உப்பை இழந்தவருக்கு இதை மட்டும் ஏற்றினால் இருக்கிற சோடியமும் நீர்த்துப்போகும். "தெம்புக்கு ஒரு பாட்டில் போடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சோடியம் 154, குளோரைடும் 154. பெயரில்தான் நார்மல். இரத்தத்தில் குளோரைடு 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். லிட்டர் லிட்டராக ஏற்றினால் குளோரைடு கூடி இரத்தம் அமிலப் பக்கம் சாயும். பேதியால் ஏற்கெனவே அமிலம் ஏறிய உடம்புக்கு இது அவ்வளவு பொருத்தமில்லை. வாந்தியில் குளோரைடை இழந்து காரப் பக்கம் போனவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது, பொட்டாசியமும் சேர்த்துத் தருவார்கள்.

ரிங்கர் லாக்டேட் என்பதை ஆர்.எல். என்பார்கள். சோடியம் 130, பொட்டாசியம் 4, குளோரைடு 109, லாக்டேட் 28. லாக்டேட்டை ஈரல் பைகார்பனேட்டாக்கும், பாக்கெட்டில் சிட்ரேட் செய்யும் அதே வேலை. கடும் பேதிக்கு முதல் தேர்வு இதுதான். இதன் பின்னால் ஒரு வேடிக்கை. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். வடிகட்டிய சுத்த நீரில் கரைத்ததும் இதயம் நின்றது. முன்பு துடித்ததெல்லாம் உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கரைத்ததால்தான், அதில் கால்சியம் இருந்திருக்கிறது. 1932-இல் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அதில் லாக்டேட் சேர்த்தார், பேதியில் அமிலம் ஏறிய குழந்தைகளுக்காக.

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சலைனா, ஆர்.எல். போல இரத்தத்தின் உப்பளவை ஒட்டிய சமநிலைத் திரவமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2018-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு சமநிலைத் திரவத்துக்குச் சிறிய சாதகத்தைக் காட்டியது. 2022-இல் வந்த ஆஸ்திரேலிய-நியூசிலாந்து ஆய்வில் சாவு எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் இல்லை. எல்லாரையும் ஒரே தராசில் போட்டால் அப்படித்தான் வரும் என்பது என் எண்ணம். பேதிக்காரரையும் வாந்திக்காரரையும் தனித்தனியே பார்த்தால் எந்தப் பாட்டில் என்பதில் குழப்பமில்லை.

பைகார்பனேட் ஊசி என்று நேராகவே ஒன்று இருக்கிறதே, அமிலம் ஏறினால் அதைப் போட்டால் என்ன என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. அமிலம் ஏன் ஏறியது என்பதற்குத்தான் வைத்தியம். பேதி என்றால் திரவம். சர்க்கரை நோயில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி மூச்சு வாங்குகிறது என்றால் இன்சுலினும் சலைனும் பொட்டாசியமும். பி.எச். 7-க்கும் கீழே போனால்தான் அங்கே பைகார்பனேட்டைப் பற்றி யோசிப்பார்கள். சர்க்கரைக்காரர் வயிற்று வலி, வாந்தி என்று வந்து மூச்சும் வாங்கினால் நான் எதையும் விற்பதில்லை, ஆட்டோ பிடித்துக்கொடுப்பேன்.

பெரியவர்களுக்கு வேறு கணக்கு

"சோடியம் கொறஞ்சிருச்சாம்" என்பது இப்போது சர்க்கரை, பிரஷர் மாதிரி வீட்டு வார்த்தையாகிவிட்டது. என் பெரியம்மாவுக்கு 74 வயது. பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கலந்திருந்தது. கோடை என்பதால் எல்லாரும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று சொல்ல, நாளைக்கு நாலு லிட்டர் குடித்தார். ஒரு நாள் காலையில் காபித் தூளை உப்பு ஜாடியில் கொட்டிக்கொண்டிருந்தார், என் பெயரும் நினைவில்லை. சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145.

வீட்டில் உடனே ஓ.ஆர்.எஸ் கலக்கினார்கள். உப்புத்தானே குறைந்தது, உப்புத் தண்ணீர் கொடுப்போம் என்ற நியாயம். பேதியால் சோடியம் குறைந்தவருக்கு அது சரி. இவரிடம் உப்பு குறைந்ததைவிட, தண்ணீர் கூடியதுதான் அதிகம். ஓ.ஆர்.எஸ்ஸில் சோடியம் 75, அது இரத்தத்தைவிட நீர்த்த திரவம்தான். இவர் மாதிரி ஆளுக்கு ஒரு லிட்டர் கொடுத்தால் சோடியம் இன்னும் இறங்கலாம்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தினார்கள், தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், 3 சதவீத உப்புக் கரைசலைப் பக்கத்திலேயே இருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். "ஒரே நாள்ல சரி பண்ண முடியாதா?" என்று அண்ணன் குதித்தான். முடியும், செய்யக் கூடாது. சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10-க்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்பு உறைகள் சிதைந்து கை கால் முடங்கும் ஆபத்து உண்டு. மறுநாள் 124, அதற்கடுத்த நாள் 129. மூன்றாம் நாள் என் பெயரைச் சொல்லித் திட்டினார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொட்டாசியத்தில் ஆபத்து எதிர்ப் பக்கம். சிறுநீரகம் பழுதானவர், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பிரஷர் மாத்திரை எடுப்பவர் உடம்பிலிருந்து பொட்டாசியம் எளிதில் வெளியேறாது. பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு நான் விற்கும் சிரப்பில் 15 மில்லி குடித்தால் 20 மில்லிமோல் போகும். நல்ல பெரிய இளநீர் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். சிரப்புக்குச் சீட்டு கேட்கிறோம், இளநீருக்கு யார் கேட்கிறார்கள்? அளவு 5-ஐத் தாண்டி 6, 6.5 என்று ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். அங்கே முதலில் கால்சியம் குளூக்கோனேட் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் காவல் நிற்கும். பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும், கடைசியில் தேவைப்பட்டால் டயாலிசிஸ் வெளியே எடுக்கும். கிரியாட்டினின் கூடிய, அதாவது சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் நான் சொல்வது: இளநீரோ ஓ.ஆர்.எஸ்ஸோ, பேதி என்றாலும் உங்கள் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுக் குடியுங்கள்.

இவ்வளவையும் பைக்காரரிடம் சொல்லவில்லை. அவர் குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அழும்போது கண்ணீர் வருகிறது, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறது, சாயங்காலம் ஒன்றுக்குப் போனது, மலத்தில் இரத்தம் இல்லை. அப்படியென்றால் பாக்கெட் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலிலிருந்து கால் டம்ளர் போலக் கீழே கொட்டிவிட்டு அவர் பாக்கெட்டைக் கொட்டப் பார்த்தார், முழு லிட்டரும் வேண்டும் என்று தடுத்தேன். ஒவ்வொரு தடவை போன பிறகும் அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர், தாய்ப்பாலோ சோறோ எதையும் நிறுத்த வேண்டாம், ஜிங்க் 20 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்றாக 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது என்று அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப டிரிப்ஸ் வேணாமா?"

"குடிக்க மாட்டேங்குது, சொணங்கிப் படுத்துருச்சு, ஒண்ணுக்குப் போகலைன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியே கௌம்புங்க. இல்லாட்டி வேணாம்."

வண்டியை அப்போதுதான் அணைத்தார். இரண்டு பாக்கெட், ஒரு ஜிங்க் அட்டை, தண்ணீர் பாட்டில். கணக்குப் போட்டுப் பார்த்து, "டப்பா ரெண்டையும் விடக் கொறவாத்தானே வருது?" என்றார். ஆமாம் என்றேன். எதற்கும் இருக்கட்டுமே என்று ஒரு டப்பாவையும் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தார்.